நடைவேகம்

கோபாலபுரம் செக்போஸ்டைத் தொடாமல்
இடப்பக்கம் இறங்கினால் கொப்பரைக் களம்.
முக்கால் பங்கு தமிழ்நாடு, மீதி கேரளா
என்கிறார் பொங்கியண்ணன்.
எல்லைக் கல் மட்டைக் குவியலுக்கு அடியில் எங்கோ.
இதுவரை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆறிலிருந்து ஒன்பது வரை
களம் எங்களுக்கு.
ஒன்பதுக்கு டிராக்டரில் கொப்பரை வந்துவிடும்.
இடம் கொடுத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"சிமெண்டுல ஒரு சொட்டு ஆயில் உளுகக் கூடாதுங்.
கொப்பரைக்கு மூக்கு இருக்குதுங்."

ஆகவே வருகிற வண்டிக்கெல்லாம்
வயிற்றடியில் அட்டை விரிக்கிறேன்.
பிஸ்கட் அட்டை, பிரிட்ஜ் அட்டை.
ஜோபியின் பத்மினிக்கு மட்டும் இரண்டு.
"பிள்ளைக்குத் துணி மாத்தியாச்சா?" என்று
அவனே கேட்டுக்கொண்டு அவனே சிரிப்பான்.

சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி,
அந்தப் பக்கம் குழந்தைகள்.
கேட்டிலிருந்து உள்ளே நடைவேகம்.
யாருடைய நடை என்று கேட்பவர்களுக்கு,
என் நடை.
முன்னால் நான் போவேன், பின்னால் நீங்கள்.
இடது முட்டியில் ஏழு ஸ்குரூ,
அதனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.
வேறொரு மைதானம், வேறொரு ஞாயிறு,
ஓட்டினவன் நான்.
அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

மாசி மாதத்துக் காற்று கணவாயைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.
கே.எல். எழுபதில் வந்த வினீஷின் போலோவுக்கு
சைலன்சர் புதுசு. துப்பினால் தீ வரும்.
"ஒண்ணு, ஒரே ஒண்ணு" என்றது கூட்டம்.
செல்போன்கள் எழும்பின, நாற்பது ஐம்பது.
அவன் வண்டியின் வாலுக்குப் பின்னே
எலும்பாய்க் காய்ந்த மட்டை மலை.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
விசிலை எங்கே வைத்தேன் என்பதும் தெரியவில்லை.
மணல் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்
சைலன்சருக்கும் மட்டைக்கும் நடுவே போட்டு
அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
"சேட்டா, ஒன்னு மாறிக்கே."
"மாட்டேன்."
"சேட்டா..."
"சூடா இருக்குதுப்பா, சீக்கிரம் முடிவு பண்ணு."

யாரோ சிரித்தார்கள். அது ரம்லத்.
வாரத்தில் ஆறு நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்.
"ஞாயித்துக்கிழமையும் ஸ்ட்ரெச்சர் தூக்க
எனக்கு வயசில்ல" என்றாள்.
"ஸ்கூல்ல மெதுசைக்கிள் ரேஸ் வைப்பாங்களே,
அத வையுங்க.
பானெட் மேல ஒரு கிளாஸ் டீ.
நின்னா அவுட், சிந்தினா அவுட்."

கோட்டிலிருந்து கடைசித் தென்னை வரை நாற்பது மீட்டர்.
அத்தனை குதிரைகளையும் அடக்கிக்கொண்டு
போலோ விக்கியது, அணைந்தது,
மூன்று முறை அணைந்தது.
பத்மினி கொதித்தது.
ரம்லத்தின் ஆம்னி
எறும்பு வரிசைக்கு வழிவிட்டதுபோல் நகர்ந்தது.
சந்தைக்குப் போகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு
"எப்பங்க புறப்படுவாங்க?" என்று கேட்டார்.
புறப்பட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது.
நடுவில் எங்கோ ஒரு மாநிலமும் கடந்திருக்கும்.

நோட்டம் பார்த்து நடந்துவந்த களத்து நாய்
எல்லா வண்டிகளையும் முந்திப் போய்
பாதையின் மத்தியில் படுத்துக்கொண்டது.
கிளாஸ்கள் ஆட, எல்லோரும் பிரேக்.
எல்லோரும் அவுட்.
வினீஷ் இறங்கி
அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான்,
எந்தப் பக்கம் இறக்கிவிடுவதென்று தெரியாமல்.
செல்போன்கள் மறுபடி எழும்பின.
இந்த முறை நானும் எடுத்தேன்.

ஜெயித்தது நாயா ரம்லத்தா என்ற சண்டை முடிவதற்குள்
டிராக்டர் ஹாரன்.
அட்டைகளை உருவினோம், சுருட்டினோம்,
சுண்ணாம்பைப் பெருக்கினோம்.
பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு
மண்டியிட்டு, சிமெண்டை மோந்து பார்த்தார்.
ரொம்ப நேரம்.
"டீ வாசமல்ல அடிக்குது" என்றார்.