விழாத அறை

திங்கட்கிழமை விடிந்தபோது
எஸ்லினுக்கு இரண்டு கன்னமும் சிவந்திருந்தது.
காய்ச்சல் இல்லை.
போன வாரம் மூக்கு ஒழுகி, லேசாகச் சுட்டு,
சிரப்புக்கு அடங்கி, நாங்களும் மறந்துபோனது.
இட்லியில் பாதி வைத்தாள், சட்டினியை வழித்தாள்.
வாயைச் சுற்றி மட்டும் ஒரு வெளிறல்,
பெயின்டர் விட்டுப்போன மூலை மாதிரி.

பள்ளிக்கூட வாசலில் பியூலா டீச்சர்
முதலில் கன்னத்தைப் பார்த்தார்,
அப்புறம் என் கையை.
எண்பது மீட்டர் உயரத்தில்
காற்றாலைக்கு மரை முடுக்கும் கை.
"பிள்ளைய அடிச்சியளா?"
ஆனி மாதம், பணகுடிக் காற்று.
மெல்லக் கேட்டதைக்கூட
ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு எழும்பவில்லை.

அடித்ததில்லை. ஓங்கியிருக்கிறேன்.
ஐப்பசியில் ஒரு ராத்திரி,
இரண்டு நாள் தூக்கமில்லாமல் வந்து படுத்த நேரம்,
பால் கொட்டி, அவள் வீறிட்டு,
கை மேலே போய்
சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே நின்றது.
யார்மேலும் படாமல் இறங்கியது.
எட்டு மாதம் கழித்து
அதுதான் இன்று வந்து சேர்ந்ததோ?
விரல் தடம் இருக்கிறதா என்று
அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எதிர்வீட்டுச் சொர்ணக்கிளி வேப்பங்குழை ஒடித்து வந்தாள்.
"அம்மைன்னா கொப்புளம் எங்கேக்கா?" என்றாள் என் மனைவி.
குழையை ஆட்டுக்குட்டி தின்றது.

வள்ளியூரில் டாக்டர் ஆவுடையம்மாள்
கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார்.
எனக்கு அழுகை வந்தது.
"அறைஞ்ச மாதிரி இருக்கும், அதுதான் அடையாளம்.
பிள்ளைகளுக்கு வர்ற தடிப்பு நோய்க்கெல்லாம்
அந்தக் காலத்துல நம்பர் போட்டாங்க.
இது அஞ்சாவது."
பெயரில்லாமல் எண்ணோடு திரிகிறது, லாரி மாதிரி.
"நாளைக்கு மறுநாள் கையில வலை பின்னும். பயப்படாதீங்க."
மருந்து? வேண்டாம், தானே போகும்.
பள்ளிக்கூடம்? அனுப்பலாம்.
"வெளியே தெரியும்போது ஒட்டுற காலம் முடிஞ்சாச்சு.
மூக்கு ஒழுகுச்சே,
அன்னைக்குத்தான் ஊருக்கெல்லாம் பங்கு வச்சிருப்பா."

நோய் இருந்த நாளில் யாரும் கேட்கவில்லை.
அது போன பிறகு
ஊர் முழுக்க விசாரணை.

எழுந்திருக்கும்போது டாக்டர் கேட்டார்:
"வீட்டுல, ஸ்கூல்ல, மாசமா யாரும் இருக்காங்களா?
சாதாரணமா ஒண்ணும் செய்யாது.
வயித்துல இருக்க பிள்ளைக்குச் சில நேரம்
ரத்தம் குறைஞ்சிரும். சொல்லி வைங்க."

பியூலா டீச்சருக்கு நாலாம் மாசம்.
ஒழுகிய மூக்கை அந்த வாரம் முழுக்க
முந்தானையால் துடைத்தவர் அவர்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில்
நான் பேசப்போவதை ஒத்திகை பார்த்தேன்.
டீச்சர், நான் அடிக்கலை, பாத்துக்கிடுங்க,
டாக்டர் எழுதியே கொடுத்திருக்காவ.
சட்டைப்பையில் சீட்டு இருந்தது.
வாசலில் நின்றதும் வாயில் வந்தது வேறு:
"டீச்சர், நீங்க ஒரு ரத்தம் பாக்கணும்."

அவர் கை வயிற்றுக்குப் போனது.
கேட்டு முடிக்கும்வரை அங்கேயே இருந்தது.
சீட்டை எடுக்க மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.
சின்னப் பிள்ளையிலேயே அவருக்கு வந்து போயிருக்கிறதாம்,
எதிர்ப்பு உடம்பில் இருக்கிறதாம், பயமில்லை.
தன் கன்னத்தைத் தானே தொட்டுக்கொண்டு,
"எங்கப்பாவ அப்ப யாரு கேட்டாங்களோ" என்றார்.
நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்,
ஆளுக்கொரு பக்கம் பார்த்து.

இப்போது கன்னம் தெளிந்துவிட்டது.
வெயிலில் ஆடிவிட்டு வந்தால்
முழங்கைக்கு மேல் அந்தச் சிவப்பு வலை
மறுபடி எழுகிறது,
தண்ணீர் ஊற்றினால் அமிழ்கிறது.
சில வாரம் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
"இது எப்பம்மா போவும்?" என்கிறாள் எஸ்லின்.
"போயிட்டு. இது மிச்சம்" என்கிறாள் அவள் அம்மா,
துண்டால் கையை ஒற்றியபடி.

ஐப்பசி ராத்திரி அவளும் விழித்துத்தான் கிடந்தாள்.