ஒழுகும் மூட்டு

தண்ணீரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குக் கூலி.
இருபத்தியொரு வருடமாக ஸ்பேனரும் சணல்நூலுமாக
ப்ர்னோ நகரத்துச் சமையலறைகளில்
மல்லாந்து படுத்திருக்கிறேன்.

ஜிடெனிட்ஸேயில் ஒரு மூன்றாம் மாடி.
பிப்ரவரியில் உறைந்து வெடித்த குழாய்.
குடியிருந்தவன் வாடகை பாக்கியோடு போய்விட்டான்.
விட்டுப்போனவை:
பனிச்சறுக்குக் காலணி, ஒற்றை.
கண்ணாடித் தொட்டி, அதற்குள் இரண்டு நியூட்டுகள்.
கழிப்பறையில் கொட்டிவிடுங்கள் என்றாள் வீட்டுக்காரி.
கழிப்பறைக்குள் எது போகலாம் எது போகக்கூடாது
என்பதில் எனக்குக் கறாரான கொள்கைகள் உண்டு.
வாளியில் எடுத்துவந்தேன்.

பார்க்கப் பல்லிதான், ஆனால் சத்தமில்லை, சகுனமில்லை.
முதுகு ஈரச் சிலேட்டு.
வயிறு மட்டும் ஊதிய கங்கு.

கடையில் ஷார்கா என்ற பெண் கேட்டாள்:
குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களா?
நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.
ஒரு ராத்திரி வாளியில் நிற்கட்டும்,
குளோரின் போகட்டும், சூடு ஏறவேண்டாம்,
வேகமாக ஓடவும் வேண்டாம் என்றாள்.
ஓடாத தண்ணீருக்கு என் தொழிலில்
அடைப்பு என்று பெயர்.

எப்படியோ பழகினோம்.
ரத்தப்புழுவை இடுக்கியில் நீட்டினால்
முதலில் மூக்கு அறியும், பிறகுதான் கண்.
சிலசமயம் புழுவை விட்டுவிட்டு
இவன் அவள் காலைக் கவ்வுவான்.
ஏப்ரலில் வாலை மடித்து
விசிறினான், விசிறினான்.
அவள் வடிகட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு ஒருநாள் பின்னங்கால்களால்
ஓர் இலையை மடித்துப் பிடித்தபடி நின்றாள்,
கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவளைப் போல.
அவள் நகர்ந்ததும் பிரித்துப் பார்த்தேன்.
முட்டை.
திரும்ப மூடத் தெரியவில்லை எனக்கு.

ஜூனில் அவளுக்குத் தண்ணீர் பிடிக்காமல் போனது.
வழுவழுப்பு போய்த் தோல் வெல்வெட் ஆனது.
நீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது.
தக்கையாய் மிதந்தாள்,
வடிகட்டிக் குழாயைத் தொற்றி ஏறி உட்கார்ந்தாள்.
விரலால் தள்ளிவிட்டேன்.
ஏறினாள்.
தள்ளினேன்.
நோய் என்று நினைத்தேன்.
தண்ணீர் மாற்றினேன், ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டேன்,
மூடிமேல் குழாய் உதிரிகளின் விலைப்புத்தகத்தை வைத்தேன்,
அறுநூறு பக்கம்.

வியாழக்கிழமை காலை தொட்டியில் அவன் மட்டும்.
ஒயர் போகும் ஓட்டை என் சுண்டுவிரல் அளவு.
கட்டிலடியில் தேடினேன், ரேடியேட்டருக்குப் பின்னால்,
அந்த ஒற்றைக் காலணிக்குள்.
காய்ந்து சுருண்ட ஒன்றைத் தேடும்போது
கை மெதுவாகத்தான் போகிறது.

என் வீட்டு சிங்க்கின் அடியில் ஒரு மூட்டு ஒழுகுகிறது.
நிமிடத்துக்கு நாலு சொட்டு, ஆறு வருடமாக.
யித்கா போகும்போது சொன்ன குறைகளில்
அதுவும் ஒன்று.
அங்கே, ஊறிப்போன தரைத்துணியின் மடிப்பில்
தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு சொட்டு விழுந்தது.
கண்ணை மூடித் திறந்தாள். நகரவில்லை.
முங்க அல்ல, நீந்த அல்ல,
பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்
போதுமாயிருந்தது அவளுக்கு.

ஷார்கா போனில் சிரித்தாள்.
நோயில்லை, இது அவளுடைய கரைக்காலம்.
நீங்களாகத் தூக்கித் தண்ணீரில் போடாதீர்கள்.

இப்போது ஒரு பிளாஸ்டிக் பெட்டி.
மண், பாசி, உடைந்த பூந்தொட்டியின் சில்லு.
அவள் சில்லுக்கடியில்.
அவ்வப்போது தோலைக் காலுறைபோல
வால்வழியே உருவித்
தானே தின்றுவிடுகிறாள்.
அவன் இன்னும் தண்ணீரில்தான். அவன் கதை வேறு.

வாஷர் வாங்கியாயிற்று, ஏழு கிரவுன்.
அலமாரியில் கிடக்கிறது.

பெட்டியின் மூலையில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்,
ராத்திரி நின்ற தண்ணீர்.
மார்ச் பிறந்ததிலிருந்து காபிக்கு முன்
அதன் விளிம்பைத்தான் பார்க்கிறேன்.
இன்று ஓர் ஈரத் தடம், நான்கு விரல்.
உள்ளே போனதா, வெளியே வந்ததா,
தடத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.