ஓட்டுநர் இல்லாத வண்டி

மச்சான் சடையாண்டி தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்:
டாக்சியில் ஏறாதே, மீட்டர் உன் சம்பளத்தைத் தின்னும்.
கிராப் மழைக்கு முன்னால் மளிகைக்கடை,
மழை விழுந்தால் நகைக்கடை.
மூன்று நாள் அட்டை வாங்கு.
ரயிலோ பஸ்ஸோ, எத்தனை முறை ஏறினாலும் கணக்கில்லை.
டுரியானோடு மட்டும் ஏறாதே.

அவனுக்குத் துவாஸில் பகல் ஷிப்ட்.
எனக்கு அட்டை.

முதல் நாள் எல்லோரும் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன்.
சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது,
யாரும் மூடவில்லை.

இரண்டாம் நாள் சுவா சூ காங்கில்
கூட்டம் ஏறிய படியில் நானும் ஏறி
ஒரு குட்டி ரயிலின் முன்கண்ணாடி ஓரம் நின்றேன்.
ஓட்டுநர் அறை இல்லை.
ஸ்டியரிங் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை,
பின்னாலிருந்து விசில் இல்லை.
பதினெட்டு வருஷம் திண்டுக்கல் நத்தம் தடத்தில் ஓட்டியவன்.
வளைவு வந்ததும் என் வலது கால்
தானாகப் பிரேக்கைத் தேடிப் போய்
யாருடைய செருப்பையோ மிதித்தது.

செருப்புக்காரி சிரித்தாள்.
ரோஹானி என்றது கழுத்தில் தொங்கிய அட்டை.
அவள் மலாய், நான் தமிழ்,
நடுவில் இரண்டு பேருக்கும் பாதி பாதி இங்கிலீஷ்.
நிலையங்களுக்கு அர்த்தம் சொன்னாள்:
பெட்டிர், இடி.
ஃபஜார், விடியல்.
செஞ்சா, அந்தி.
விடியலுக்கும் அந்திக்கும் நடுவில்
இரண்டே நிறுத்தம்.
எங்கள் டெப்போவில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அப்போது ஓர் அடுக்குமாடி நெருங்கிற்று,
மூங்கில் கழியில் உலர்ந்த லுங்கிக்குக் கை எட்டிவிடும் போல.
பக்கத்துக் கண்ணாடி
பால் ஊற்றியதுபோல் சட்டென்று வெளுத்தது.
துடைத்தேன். கண்ணாடியை, அப்புறம் என் கண்ணை.

"வீடு" என்றாள் ரோஹானி.
அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லாம்.
உள்ளே யாரோ சாப்பிடுவார்கள், சட்டை மாற்றுவார்கள், அழுவார்கள்.
கட்டடம் தாண்டியதும் தெளிந்துவிட்டது கண்ணாடி.

கோபால்பட்டி தாண்டி ஒரு வாசலில்
தினமும் ஆறு பத்துக்கு ஒருத்தி தலை துவட்டுவாள்.
பேர் தெரியாது.
ஒரு சித்திரையில் காணவில்லை.
மறுநாளும் இல்லை.
ஒரு மாசம் அங்கே மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டினேன்,
கண்டக்டர் இரட்டை விசில் அடித்துத் திட்டினான்.
எங்கள் பஸ்ஸுக்கு இந்தக் கண்ணாடி இருந்திருந்தால்
அவள் இருந்ததும் தெரிந்திருக்காது
இல்லாமல் போனதும்.

எது நல்லதென்று தெரியவில்லை.
ரோஹானி இறங்கிப் போனபின்
அட்டைக்குக் கணக்கில்லை என்பதால்
இன்னும் நான்கு சுற்று போனேன்,
வெளுக்கும்போதெல்லாம்
தலையைக் குனிந்துகொண்டேன்.

இரவு பஸ்ஸில் திரும்பினேன்.
ஓட்டுநரை இங்கே கேப்டன் என்கிறார்கள்.
அவர் பிரேக் போட்ட விதத்தில்
காலை ஷிப்டும் பார்த்தவர் என்று தெரிந்தது.
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
இத்தனை வருஷம் காலால் நிறுத்தியவன்
விரலால் நிறுத்தினேன்.
நின்றது.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது,
ஒரு நிறுத்தம் முன்னால்.
அட்டை பையில் இருந்தது.
நடந்தேன்.