மூன்றாவது துவாரத்தருகே

ஞாயிறு, விடியற்காலை நாலே முக்கால்.
சிப்காட்டின் பின்பக்கச் சாலையில்
கால் மைல் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று.
தோல் ஷெட்டின் வாடை
ராணிப்பேட்டை மூக்குக்கு வாடையே இல்லை.
ஒன்பது காண்டசாக்கள்
பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கின்றன
பல் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள்போல.

என் கையிலும் அந்தக் கண்ணாடிதான்.
வேலூரில் சி.எம்.சி.க்கு எதிர்ச்சந்தில்
எண்பது ரூபாய்க்கு வாங்கியது.
கூட ஒரு டார்ச், தேய்ந்த டூத் பிரஷ்,
பாட்டிலில் மண்ணெண்ணெய், வெர்னியர்.
விதி ஒரே வரி:
ஆலையை விட்டு வந்த அன்று
எது இருந்ததோ அது மட்டும்.

ஆர்.சி. புத்தகத்தை நீட்டுவார்கள், வாங்குவதில்லை.
அழுக்கைத் தேய்த்து எண்ணைப் படிக்கிறேன்.
வார்ப்பில் பிறந்த எண் மேலெழுந்து நிற்கும்,
ஓரங்கள் கொஞ்சம் சோம்பலாக உருண்டிருக்கும்.
பிற்பாடு குத்திய எண்
புது யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டிபோல
விறைப்பாக இருக்கும்.

ஆற்காட்டு வெள்ளை: கார்புரேட்டர் தகடு
வேறு எதனுடையதோ. வெளியே.
குடியாத்தத்து நீலம்: பிளாக்கின் முகத்தையே
அரம் போட்டிருக்கிறார்கள். வெளியே.
திருப்பத்தூர் வண்டி சுத்தம்,
அதன் துருகூட அசல்.

பிறகு மேல்விஷாரத்து தஸ்தகீரின் பச்சை.
ஹெட்டில் எண் சரி.
ஏழின் கால் வளைவு சரி.
மாதம் காட்டும் புள்ளிகள் சரி.
மணலின் பொருக்கு விரல் நுனிக்குச் சரி.
எழுந்திருக்கப் போனவள்
எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை உள்ளே விட்டேன்.
மூன்றாவது எக்ஸாஸ்ட் துவாரத்தருகே
நகம் வெட்டிப் போட்டாற்போல் ஒரு பிறை.

எந்தக் கையேட்டிலும் இல்லாத பிறை.
நாலு வருஷத்துக்கு முன், ஆடி மாதம்,
நான் தரம் பார்க்கும் ஃபவுண்டரியில்
கோர் பெட்டியின் ஓரம் தெறித்துவிட்டது.
மாற்றப் பணமில்லை என்றார் மேனேஜர்.
வரைபடத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
'பம்ப் பாகம்' என்றிருந்தது.
இருபது உருப்படி.
பம்புக்கு எதற்கு எட்டு வால்வு என்று
நானும் கேட்கவில்லை.
பச்சை சாக்பீஸால் இருபதிலும் டிக் போட்டு
லாரியில் ஏற்றிவிட்டேன்.

பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறான் தஸ்தகீர்.
"புதுப்பேட்டையில நாப்பதாயிரம் மேடம்.
அசலுன்னு பெத்த புள்ள தலமேல கைவெச்சி சொன்னான்.
இன்னா தப்பு கீது, காட்டுங்க."

காட்டலாம். பார்ப்பவருக்கு அது வெறும் கீறல்.
சாட்சி நான் ஒருத்தி.
எதிரியும் பாதி நானே.
டார்ச்சை அணைத்துவிட்டு
'சரி' என்று எழுதியிருந்தால்
உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.
கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

தாளில் எழுதினேன்:
ஹெட் மறுவார்ப்பு, ராணிப்பேட்டை.
ஆதாரம் என்ற கட்டத்தில்:
பாஸ் பண்ணியது நான்.

இரண்டு தடவை படித்தான்.
திட்டுவான் என்று பார்த்தேன்.
"அப்ப சரக்கு நல்ல சரக்குதான?" என்றான்.

பந்தயம் முடிந்து
வடைப் பொட்டலம் பிரிகிற நேரத்தில்
அவனைத் தனியாக ஓடவிட்டார்கள்,
கணக்கில் வராத ஓட்டம்.
டைமரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று.
கொடிக்குப் பதில்
மெக்கானிக் குப்புராஜ் துண்டை உதறினான்.
பின்சக்கரம் சுண்ணாம்பைக் கிளப்பியது.
வாயில் வடையோடு நான் எண்ணினேன்.
பதினெட்டு.
ஜெயித்த திருப்பத்தூருக்கு இருபது ஆகியிருந்தது.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினான்.
கேஸ்கெட் ஓரமாக விரல் ஓட்டினேன்.
ஒரு சொட்டு வியர்வை இல்லை.
சூடு உறைக்கக் கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஆம்பூரில் பந்தயம்.
இன்னும் பத்தொன்பது ஓடிக்கொண்டிருக்கின்றன
எங்கெங்கோ,
எந்தெந்தப் பானெட்டுக்கு அடியிலோ.