எட்டாவது

எங்கள் ஒப்பந்தம் எளிமையானது.
ஒற்றைப்படை ஆல்பம் எல்லாம் அமலோருக்கு,
இரட்டைப்படை எனக்கு.
கடலூர் முதுநகர் ஸ்டேஷனில்
ரயில் தாமதமான ஒரு மாலை
டீக்கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்
கையெழுத்துப் போட்டோம்.
சாட்சிக்கு ஆளில்லை.
ஒரு நாய் இருந்தது.

யார் காசில் வாங்கியது எது என்ற கணக்கில்லாமல்
ஏழு சேர்ந்திருந்தன அப்போது.
அவனுக்கு நான்கு, எனக்கு மூன்று.
"அடுத்தது வந்தா சரியாயிடும்" என்று
ரயிலேறிப் பிரான்சுக்குப் போனான்.
இருபத்தாறு வருடம்
அடுத்தது வரவில்லை.

வேல்ஸ் என்றால்
நெய்வேலியில் என் ஷிப்டு ஆட்கள்
"எந்த முருகன் கோயில்?" என்பார்கள்.
நிலக்கரி ஊர் என்றால் உடனே புரியும்.
"அங்க கறுப்பா, நம்மளமாதிரி பழுப்பா?"
கறுப்பு.
எல்லாச் சுரங்கமும் மூடியாகிவிட்டது.
"அடப்பாவமே" என்றார் தணிகாசலம்,
பண்ருட்டியில் யாரோ தவறிவிட்டதுபோல.

முதல் ஆல்பம் இப்போது சரியாக நினைவில்லை.
இரண்டாவது, பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில்
டார்ச்லைட், பிரெஞ்சு அகராதி,
ஜோடியில்லாத ஷூ
இவற்றுக்கு நடுவே வெயிலில் வளைந்து கிடந்தது.
நூற்றியிருபது சொன்னார், தொண்ணூறு கொடுத்தோம்.
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
இருபத்திரண்டு நிமிடம்.
பாடகர் வாய் திறக்கவே ஒன்பது நிமிடம் ஆகும்.
அதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும்.
"இன்னும் ஆரம்பிக்கலியா?" என்பாள் செங்கமலம்.
இதுதான் ஆரம்பம் என்பேன்.

நான்காவதில் டிரம்மர் மாறினார்.
புதியவர் ஏழேழாக அடித்தார்.
தகிட தகதிமி தகிட தகதிமி.
அமலோர் மேசையில் விரல் தட்டிக்
கூடவே போகப் பார்ப்பான்,
ஆறிலேயே முடித்துவிடுவான்.
ஒரு தட்டு எப்போதும் மிச்சம் நிற்கும்
அவனுக்கும் பாட்டுக்கும் நடுவில்.

அதே ஆல்பத்தில்தான்
ஒரு பள்ளத்தாக்கு ஊரை
அணைத்தண்ணீரில் முக்கியதைப் பாடுகிறார்கள்.
தண்ணீர் எங்கோ ஒரு நகரத்துக்கு.
எங்கள் பக்கம் முக்குவதில்லை,
தோண்டுவோம்.
கரன்ட் எங்கோ ஒரு நகரத்துக்கு.
ஷிப்டு முடிந்து வந்து அந்தப் பாட்டை வைப்பதில்லை.
விடுமுறை நாளில் மட்டும்.

ஐந்தில் கீபோர்டுக்காரர் கோபித்துக்கொண்டு போனார்.
ஆறில் திரும்பி வந்தார்.
ஏழில் எல்லோரும் இருந்தார்கள்,
பாட்டுதான் இல்லை.
(அமலோர் ஒத்துக்கொள்ள மாட்டான்.
ஏழு அவனுடையது.)

போன மாதம் எட்டாவது வந்தது.
பாடகருக்கு எழுபத்தைந்து வயது.
டிரம்மர் ஐந்தாவது ஆள்.
துலூஸிலிருந்து ஒரு வரி: "உன் முறை."
மஞ்சக்குப்பம் தபாலாபீசில்
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.
அங்கேயே பசை ஆறிய பெஞ்சில் உட்கார்ந்து
சாவியால் கீறிப் பிரித்தேன்.

சாம்பல்நிற மலை.
நனைந்த ஓர் ஆடு.
அட்டை மட்டும்.
உள்ளே தட்டு இல்லை.
"அட்டை உனக்கு. தட்டு தபாலில் உடையும்.
நேரில் கொண்டுவருகிறேன்."
தேதி போடவில்லை.

"போன்லயே இருக்குப்பா, போடட்டுமா?" என்றாள் மகள்.
வேண்டாம் என்றேன்.
நாயை சாட்சி வைத்துப் போட்ட கையெழுத்து.

அட்டையின் உள்தாளில் பாட்டு வரிகள்,
பாதி அவர்கள் மொழியில்.
இரண்டு எல் சேர்ந்து வந்தால்
நாக்கை ல-வில் நிறுத்திக் காற்றை மட்டும் விடவேண்டும்.
அமலோர் கற்றுக்கொண்டிருந்தான்.
எனக்கு எச்சில்தான் தெறிக்கிறது.
அவர்களுக்கு இது, நமக்கு ழ.
அவன் மகன் அங்கே
தன் தாய்மொழியின் பெயரை
எப்படிச் சொல்கிறானோ.

அலமாரியில் ஆறுக்குப் பக்கத்தில்
ஏழுக்கு இடம் விட்டு
அட்டையை நிறுத்தியிருக்கிறேன்.
சாய்ந்து சாய்ந்து விழுகிறது,
உள்ளே கனம் இல்லாததால்.

"புதுசு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள் செங்கமலம்.
நீளமான பாட்டு.
இன்றோடு இருபத்திரண்டு நாள்.
பாடகர் இன்னும் வாய் திறக்கவில்லை.