வெளித் தண்ணீருக்கு அனுமதி இல்லை

பெருந்துறை பைபாஸ் ஓரம், பிளாஸ்டிக் டைனோசரின் வாலுக்குப் பக்கத்தில்,
சித்திரை ஞாயிறு, மூணாவது டிரிப்பில்
வண்டி நின்றுவிட்டது.

நின்றுவிடவில்லை. நான்தான் நிறுத்தினேன்.
கேஜ் கண்ணாடியில் தண்ணீர் அடிநட்டுக்கு வந்திருந்தது.
இன்னும் ஒரு விரல் இறங்கினால்
ஈயத்தக்கை உருகி
கொதிநீர் நெருப்பின் தலையிலேயே கொட்டும்.

பதினேழு வருஷம் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன்.
அங்கே என் ஆவி பனியன் துணியைச் சிவப்பாக்கியது.
இங்கே இரண்டடி அகலத் தண்டவாளத்தில்
அறுபது பேரை ஒண்ணேகால் கிலோமீட்டர் சுற்றிக்காட்டி
ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிறது.
சம்பளம் அங்கேதான் கொஞ்சம் அதிகம்.

லாரித் தண்ணி வரவில்லை.
"விசயமங்கலத்துல டயர் வெடிச்சுப்போச்சுங்ண்ணா,
ஒரு மணி நேரம் ஆகும், முன்னப்பின்ன."
மேனேஜர் வாக்கிடாக்கியில்:
"புகையாவது வுட்டுட்டிருங்க, போட்டோ எடுப்பாங்க."

முதல் பெட்டியிலிருந்து ஒரு பொடியன் எட்டிப் பார்த்தான்.
"ஏனுங், நெசமாலுமே நெருப்புங்களா?"
"நெசந்தான் கண்ணு."
"அப்ப ஏன் நிக்குது?"
"நெசங்கறதாலதான்."
தேங்காய்த் தொட்டி எரிகிற வாசத்தை
அவன் மூக்கை விடைத்து இழுத்துக்கொண்டான்.

அப்போது மூன்றாம் பெட்டியில்
ஒரு பாட்டில் மூடி திறக்கிற சத்தம்.

நுழைவாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள்.
உள்ளே லிட்டர் அறுபது ரூபாய்.
மஞ்சள் துப்பட்டாவுக்குள் குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள்
மில் ஹாஸ்டல் பெண் ஒருத்தி, ரஸ்மிதா என்று கழுத்து அட்டையில்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.
"குடிக்கத்தாங்ண்ணா," என்றாள். ஒடிசாவில் பிறந்து
ஊத்துக்குளியில் கற்றுக்கொண்ட தமிழ்.
"ஒளிக்காத சாமி. எனக்கு வேணும்."

அவ்வளவுதான். பைகள் திறந்தன.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒன்று,
டயப்பர் பொட்டலத்துக்கு அடியிலிருந்து இரண்டு,
சென்னிமலை ஒறம்பரைக் கூட்டம்
துண்டில் சுற்றி மடியில் பிள்ளையாய் வைத்திருந்தது
ஐந்து லிட்டர் கேன்.
பேரூர்க்காரம்மா ஒருவர்,
"இது சிறுவாணிங், பாத்து ஊத்துங்," என்றார்,
நகையைக் கழற்றிக் கொடுக்கிற குரலில்.
மோரை ஊற்ற வந்தவரை ஓடிப்போய்த் தடுத்தேன்.

நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் மட்டும் தரவில்லை.
"நூத்தியெம்பது ரூவா டிக்கெட்டு, தண்ணியும் நாங்களே ஊத்தோணுமா?"
அவர் கேட்டதும் நியாயந்தான்.
குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

ஆயிரத்து நூறடிப் போர்த்தண்ணி குடித்தே
குழாயெல்லாம் உப்புக் கட்டின எஞ்சினுக்குள்
சிறுவாணியும் பவானியும்
யார் யார் வீட்டு ஃபில்ட்டரோ எல்லாமும்
கலகலவென்று இறங்கின.
இன்ஜெக்டர் இரண்டு தடவை துப்பிவிட்டு
மூன்றாம் தடவை பிடித்தது.
மட்டம் ஏறியது. ஒரு விரல். ஒன்றரை.

விசில் அடித்தால் ஆவி வீண்.
அடித்தேன்.

டைனோசரைத் தாண்டி, பாதி வளைவு தாண்டி,
மூச்சுவாங்கி மூச்சுவாங்கி ஸ்டேஷன் சேர்ந்தோம்.
யாரும் கை தட்டவில்லை. காலி பாட்டில்களைத்
திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.
பொடியன் மட்டும் என்ஜின் தொட்டியைக் கையால் தொட்டுப் பார்த்து
சூடு பட்டு உதறினான், சந்தோஷமாக.

மேனேஜர் கேட்டார், தண்ணி ஏதென்று.
"இருந்துச்சுங்," என்றேன்.

பொழுது சாய்ந்து கூட்டம் போனபின்
வாசலுக்குப் போனேன்.
செக்யூரிட்டி கிட்டுச்சாமியின் நீல டிரம்மில்
அன்றைக்குப் பிடுங்கினவை, குப்பை வண்டிக்குக் காத்து.
நூற்று நாற்பத்து மூன்று. எண்ணினேன்.
தள்ளுவண்டியில் ஷெட்டுக்குக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாய்த் தொட்டியில் கவிழ்த்தேன்.
ஒரு மூடியில் லிப்ஸ்டிக். ஒன்றில் பேனாவால்
'மகிழன், இரண்டாம் வகுப்பு பி.'

ஒன்றில் மட்டும் எலுமிச்சைத் துண்டு மிதந்தது.
பாய்லருக்கு ஆகாது.
அதை நான் குடித்தேன்.