வலிக்கு

எஸ் வளைவில் இறங்கும்போதுதான் முதலில் வந்தது.
வலது இடுப்பில், எலும்புக்கும் அதன் குழிக்கும் நடுவே
யாரோ ஒரு கோலிக்குண்டைப் போட்டுவிட்டுப் போன மாதிரி.
மூன்று நாள் பழியை ஷூவின் மேல் போட்டேன்.
இரண்டு நாள் மெத்தையின் மேல்.
பிறகு நாற்பத்து நாலு வயதின் மேல்.

புளியரை செக்போஸ்டில் எனக்கு வேலை
கோழி லாரிகளின் டயருக்கு மருந்தடிப்பது.
அதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, மலையேறி
தார் நிறம் மாறுகிற கோடு வரை ஓடுவேன்.
ஒரே ஒரு காலைக் கேரளத்தில் வைத்துத் திரும்புவேன்.
வைக்கோல் லாரிக்காரன் ஒருவன் தினமும் தலையை நீட்டி
"எக்கா, யாரு வெரட்டுதா?"

புனலூரில் ரெஜிமோள் என்றொரு பிசியோ.
ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி
தொடையில் பச்சை ரப்பர் பட்டையை மாட்டி
"வலிக்கு" என்றாள்.
ஆமா, வலிக்கு என்றேன்.
"வலிக்கு, சேச்சீ!"
வலிக்குன்னுதானம்மா சொல்லுதேன்.
பக்கத்துப் பெஞ்சில், தோள் கழன்ற கடையநல்லூர் டிரைவர்
சிரித்து, அதில் தோள் இழுத்து, முனகிக்கொண்டே சொன்னார்:
"இழுக்கச் சொல்லுதாம்மா."

அங்கே வலி என்றால் இழுப்பு.
நம் வலிக்கு அவர்கள் வைத்திருப்பது வேதனை.
"வேதன உண்டோ?" என்று அவள் கேட்டபோது
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.
இடுப்பில் அவ்வளவு இல்லை.
ஆறு வாரம் ஓடக்கூடாது என்றாயே,
அதில் உண்டு.

ரோட்டில் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?
வலப்பக்கம். எதிரே வருவது தெரியணுமே.
திரும்பும்போது?
அப்பவும் வலம்தான்.
உள்ளங்கையைக் கவிழ்த்து, ஓரம் சரித்துக் காட்டினாள்.
மழைத் தண்ணி வடிய யாரோ போட்ட சரிவு.
ஒன்பது வருஷம் அதில்
ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக
நேராக ஓடுவதாக நினைத்திருக்கிறேன்.

இப்போது பாயில் படுத்து
சிப்பி மாதிரி முட்டியைத் திறந்து மூடுகிறேன்.
பதினைந்து. பிறகும் பதினைந்து.
ஜன்னல் வழியே பார்த்துவிட்ட பால்காரர்
மறுநாளிலிருந்து தெருமுனையிலேயே மணியடிக்கிறார்.

நாலாம் வாரம். வெறும் நடை.
சாரல் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து விழுகிறது.
போகையில் வலம், வருகையில் இடம்.
முதுகுக்குப் பின்னால் லாரி வருவது இன்னும் பழகவில்லை,
ஒவ்வொன்றுக்கும் தோள் தூக்கிப் போடுகிறது.
ஒன்று மெதுவாகி, பக்கத்தில் வந்து, வைக்கோல் உதிர்த்து,
"எக்கா, விட்டுட்டானா?"

இல்லடே, பின்னாடிதான் வாறான்.
நடந்து.